தாளின் பின்பக்கம்

கொழும்பு 11
06.03.2006

அன்புள்ள பூரணிக்கு,

நான் இங்க சொகமா இருக்கேன்னு எழுதினா நீ நம்ப மாட்ட. அதனால உள்ளத எழுதுறேன். கதிரையில உக்காந்து வேலை செய்றதால இடுப்பு வலி பரவாயில்ல. இப்ப ஆபத்து அந்தக் கதிரைக்குத்தான்.

போன செவ்வாய்க்கெழமை நாப்பது பெட்டி ஆப்பிள் வந்துச்சு. கப்பல் கம்பெனியோட பக்கத்த கம்பியூட்டர்ல தெறந்து பார்த்து, எந்தச் சாமானை எங்க அடுக்குறதுன்னு பொடியன்களுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. எல்லாம் இங்கிலீசு. 'பெரிஷபிள்'னு ஒரு சொல்லு இருந்துச்சு. ஏதோ ஊரு பேரா இருக்கும்னு நெனச்சு வெளி ஷெட்டுல அடுக்கச் சொல்லிட்டேன். மூணு நாள் வெயிலு. நாலாம் நாள் ஷெட்டுப் பக்கம் ஈ மொய்ச்சுது.

எங்க ஸ்டோர் மனேஜர் மிலான் சேர் கூப்பிட்டாரு. "செல்லசாமி, ஏழு வருசம் மூட்டை தூக்கினவன்னு பாவம் பார்த்துத்தான் உக்கார வச்சேன். வருசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். சரிவரலேன்னா பழையபடி மூட்டைதான்"னாரு. இன்னொருக்கா மூட்டை தூக்கினா என்ன ஆகும்னு டாக்குத்தர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் இருந்த.

ஒன்பது சொல்லு கீழ பார்த்து எழுதியிருக்கேன். நீ இங்கிலீசுச் சொல்லு சேத்து வைக்கிற கொப்பியில இருக்கான்னு பார்த்து அர்த்தம் எழுதி அனுப்பு. சுறுக்கா.

பாப்பாவுக்கு முத்தம்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
14.03.2006

அன்புள்ள மச்சானுக்கு,

முருகன் புண்ணியத்துல பாப்பாவும் நானும் நல்லா இருக்கோம். உங்க கடிதம் நேத்துத்தான் கையில கெடச்சுது. ஒன்பது சொல்லுல எட்டு என் கொப்பியில இருக்கு, ஒன்னை மருந்துக்கார ஐயாகிட்ட கேட்டேன். தனித்தாள்ல எழுதி வச்சிருக்கேன். 'பெரிஷபிள்' மூணாம் கொப்பி, நாப்பத்தோராம் பக்கம்: கெட்டுப்போகக் கூடியது. தொண்ணூத்தெட்டுல ஒரு யோகட் மூடியப் பார்த்து எழுதினது.

மச்சான், நீங்க கேட்டு, நான் எழுதி, அது உங்ககிட்ட வந்து சேர எப்படியும் பத்து நாளாகும். எந்த ஆப்பிளும் பத்து நாள் காத்திருக்காது.

அதனால ஒன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. பொங்கலுக்கு வந்தப்ப, பாப்பா படம் கீற ஆபீசுல வீசின தாள் ஒரு கட்டு கொண்டாந்தீங்கல்ல? ஒரு பக்கம் வெறுசு, பின்பக்கம் இங்கிலீசு அச்சு. பாப்பா இந்தப் பக்கம் யானை கீறுச்சு. நான் அந்தப் பக்கத்தப் படிச்சேன். நாப்பது பக்கத்துல முப்பத்தொன்னு இருக்கு. ரெண்ட அம்மாக்கண்ணு அக்கா வெத்தலை மடிக்க வாங்கிட்டுப் போயிருச்சு. மீதி ஏழு எங்கன்னு தெரியல.

அதுல என்ன இருக்குன்னா: இண்டர்நெட்டுல பக்கம் தெறக்குற சாமானுக்கு பிரவுசர்னு பேராம். தையல் மிஷினுக்கு பொத்தான் ஓட்டை தைக்கிற கால தனியா மாட்டுறோமில்ல, அந்த மாதிரி பிரவுசருக்கும் துண்டு செஞ்சு மாட்டலாமாம். அதுக்கு அட்-ஆன்னு பேரு. அத எழுதுற பாஷை ஜாவாஸ்கிரிப்ட். எழுத்து இங்கிலீசுதான், ஆனா இங்கிலீசு பேசுறவங்களுக்கும் அது புரியாது. அதனால எனக்குக் கொஞ்சம் தைரியம். எல்லாருக்கும் புதுசுதானே.

நீங்க ஒரு சொல்லு மேல ரெண்டு தரம் தட்டினதும் என் கொப்பியில உள்ள அர்த்தம் பக்கத்துல தெரியணும். அதுதான் என் எண்ணம். மொதல்ல சோதனைக்கு 'வணக்கம்'னு மட்டும் காட்டுறதுக்கு மூணு தாள் எழுதி வச்சிருக்கேன். சாப்பாட்டு நேரத்துல அடிச்சுப் பாருங்க. இந்தத் தேயிலைத் தோட்டத்துல கம்பியூட்டர் இல்ல, அதனால நான் கையால எழுதுறேன், நீங்க கையால அடிங்க.

இப்படிக்கு,
பூரணி


கொழும்பு 11
02.04.2006

அன்புள்ள பூரணி,

உன் அர்த்தத் தாள என் மேசைக்கு மேல ஒட்டியிருக்கேன். ரெண்டு தரம் மானத்தக் காப்பாத்திச்சு.

மத்த மூணு தாளப் பத்தி என்னத்தச் சொல்ல. ரொட்டி சுடச் சொன்னா ரொக்கெட்டு விடுற. இருந்தாலும் கேட்டுட்டியேன்னு நாலு நாள் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அடிச்சேன். வணக்கமும் வரல, போய்ட்டு வாறேனும் வரல. சும்மா நின்னுச்சு.

நான் என் பங்குக்குத் திருத்தியும் பார்த்தேன். நீ பல எடத்துல அடைப்புக்குறி போட்டு உள்ள ஒன்னும் எழுதாம விட்டிருக்க. மறந்துட்ட போலன்னு அதெல்லாம் எடுத்துட்டேன். வரிக் கடைசியில தேவையில்லாம நெறையப் புள்ளியும் கொக்கியும் இருந்துச்சு, அதையும் கொஞ்சம் துப்புரவு பண்ணினேன்.

விட்டுரு புள்ள. நீ அர்த்தம் மட்டும் எழுது, போதும்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
09.04.2006

மச்சானுக்கு,

துப்புரவு பண்ணினீங்களா! என் அடுப்படிக்கு வந்து ரசத்துல மெளகு மெதக்குது, அழுக்குன்னு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு.

அந்த வெறும் அடைப்புக்குறி மறதி இல்ல. சாமிக்கு முன்னால ரெண்டு கையையும் கூப்புறோம், கைக்குள்ள என்ன வச்சிருக்கோம்? ஒன்னும் இல்லதானே. ஆனா கூப்பினாத்தான் கும்பிட்டதாகும். அதுவும் அப்படித்தான். அது இருந்தாத்தான் 'இப்ப செய்'னு அர்த்தம். இதை விளங்கிக்க எனக்கே பதினொரு நாள் பிடிச்சுது, ஏன்னா அது இருந்த பக்கம் வெத்தலையோட போயிருச்சு.

புதுசா எழுதி அனுப்புறேன். ஒன்னே ஒன்னு கேக்குறேன். எழுதினத எழுதினபடியே அடிங்க. ஒரு புள்ளி கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். உங்களுக்குப் புரியாதது இருந்தா அது என் பாவம், உங்க பாவம் இல்ல.

வருசப் பொறப்புக்கு வர்றதப் பத்தி நீங்க ஒன்னும் எழுதாததால பாப்பா முகம் நல்லா இல்ல. அவ உங்களுக்குக் கீறின மாடு இதோட வருது.

பூரணி


கொழும்பு 11
25.04.2006

பூரணிக்கு,

மாட்டுக்கு அஞ்சு கால் இருக்கு. ஆனா நல்லா இருக்கு.

நீ சொன்னபடி ஒரு புள்ளி விடல. தாளோட உச்சியில நீ போட்டிருந்த பிள்ளையார் சுழியையும் விடல. கம்பியூட்டர் செக்‌ஷன் ஷிராணி மிஸ்சுகிட்ட கெஞ்சி என் மிஷினுக்குத் தமிழ் எழுத்துப் போட்டு வாங்கி, அந்த 'உ'வ அடிச்ச பிறகுதான் மத்தத அடிச்சேன்.

தெறந்தா மஞ்சள் நெறத்துல ஒரு பக்கம். அதுல செவப்பு எழுத்துல இங்கிலீசு. அத அப்படியே பார்த்து எழுதியிருக்கேன், தனித்தாள்ல இருக்கு. மொத வரியிலேயே ஏதோ கொழப்பமாம். ஷிராணி மிஸ் எட்டிப் பார்த்துட்டு, "செல்லசாமி, இது என்ன மேல ஒரு 'உ' தனியா நிக்குது?"ன்னாங்க. "அது சாமி மிஸ்"னேன். அவங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டுப் போய்ட்டாங்க.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
02.05.2006

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க கடிதத்தப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல அம்மாக்கண்ணு அக்கா அடுத்த வீட்டுக் காம்பராவுல இருந்து ஓடியாந்துருச்சு. "பாப்பாம்மாவுக்குப் பேய் பிடிச்சிருச்சோ"ன்னு என்னைய அடிக்க வேப்பங்கொழை தேடப் போச்சு.

தப்பு என்னோடது. எழுதினபடியே அடிக்கச் சொன்னதும் நான்தான், உச்சியில எழுதினதும் நான்தான். அந்தத் தாளுக்கு 'நான் இன்ன மாதிரித் தாள்'னு சொல்ற வரிதான் மொத வரியா இருக்கணுமாம். அதுக்கு மேல ஒரு குண்டுமணி இடம் கூட யாருக்கும் கெடையாதாம். நீங்க பார்த்து எழுதின செவப்பு எழுத்த கொப்பிய வச்சுப் படிச்சேன், அதத்தான் சொல்லுது.

ஆனா சுழி போடாம எழுத எனக்குக் கை வராது. அதனால மொத வரிக்கு அடுத்ததா, மிஷின் படிக்காம தாண்டிப் போற குறிக்குள்ள போட்டிருக்கேன். வாசப்படியில இருந்தவர ஒரு படி உள்ள தள்ளி உக்கார வச்சாச்சு. பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார்.

இந்தத் தடவ நாப்பது சொல்லும் அர்த்தமும் சேத்து எழுதியிருக்கேன். ஓடிச்சுன்னா எந்தச் சொல்லு தெரிஞ்சுது, எது தெரியலன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தச் சொல்லு இருந்த வரி முழுசையும் பார்த்து எழுதுங்க.

பூரணி


கொழும்பு 11
11.06.2006

அடி பூரணி,

வந்துருச்சு! 'டேமேஜ்'ங்கிற சொல்லு மேல ரெண்டு தட்டுத் தட்டினேன். ஒரு சின்னப் பெட்டி வந்து, 'சேதம்'னுச்சு. உன் சொல்லு, உன் தமிழ். கொழும்புல என் மேசையில நீ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன்.

ஆனா எல்லாத்துக்கும் வரல. பதினாலு சொல்லுக்குத் தட்டினேன், நாலுதான் வந்துச்சு. மத்ததுக்கு 'கொப்பியில இல்லை'ன்னு சொல்லுது. பத்தும் உன் தாள்ல இருக்குற சொல்லுதான், நானே அடிச்சது. ஒரே சொல்லு மேல் வரியில வர மாட்டேங்குது, கீழ் வரியில வருது. நீ கேட்டபடி பதினாலு வரியையும் எழுதியிருக்கேன்.

பக்கத்து மேசை அழகுமுத்து, நம்ம தலவாக்கலைப் பக்கத்துப் பொடியன்தான், "என்னண்ணே, மிஷினுக்கு மந்திரிச்சுட்டீங்களா"ங்கிறான்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
18.06.2006

அன்புள்ள மச்சானுக்கு,

பதினாலு வரியையும் கோடு போட்டு ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதினேன். வந்தது இடப்பக்கம், வராதது வலப்பக்கம். வெள்ளிக்கெழமை விரதம், சமையல் வேலை இல்ல, அதனால பொழுது இருந்துச்சு. மூணாந்தரம் பார்க்குறப்பதான் கண்ணுல பட்டுச்சு. வந்த நாலும் வரியோட கடைசிச் சொல்லு. நாலுக்கும் பின்னால முற்றுப்புள்ளி இருக்கு. வராத பத்துக்கும் பின்னால இன்னொரு சொல்லு இருக்கு.

அப்படின்னா, நீங்க தட்டுறப்ப மிஷின் சொல்ல மட்டும் எடுக்கல, அதுக்குப் பின்னால உள்ள வெறும் இடத்தையும் ஒட்டி எடுத்துக்குது. வாலோட வந்தா கொப்பியில எப்படிக் கெடைக்கும்? முற்றுப்புள்ளி நிக்கிற எடத்துல வால் கெடையாது. வால வெட்டிட்டுத் தேடச் சொல்லி ஒரு வரி சேத்திருக்கேன், தாள் ரெண்டு, இருபத்தி மூணாவது வரி.

இதோட முழுச் சாமானும் வருது. அறுநூத்திப் பன்னெண்டு சொல்லு, நாலு கொப்பியும் சலிச்சு எடுத்தது. மொத்தம் இருபத்தாறு தாள். எண்ணிப் பார்த்துக்கங்க.

கடைசித் தாள் கொஞ்சம் வேற மாதிரி. அதுல சாமானோட பேரு, எத்தனையாவது தடவ, ஆக்கியவர் யாருன்னு வரி வரியா எழுதணும். அத பிரவுசருக்குள்ள தெறந்து யாரும் பார்க்கலாமாம். ஆக்கியவர்ங்கிற எடத்துல பூரணின்னு எழுதியிருக்கேன். ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரம் அழிச்சுட்டுத்தான் எழுதினேன். கோயில் நோட்டீசுல, மாவிளக்கு நான் எடுத்தாலும் 'செல்லசாமி குடும்பத்தார்'னுதான் வரும். பாப்பாவோட பள்ளிக்கூட அட்டையில தகப்பன் பேருக்குத்தான் கோடு இருக்கு. குறை சொல்லல. மாரியம்மன் முன்னால நின்னு யோசிச்சேன். இது நான் செஞ்சது, என் பேரு இருந்தா யாருக்கும் நட்டம் இல்லைன்னு தோணுச்சு.

பூரணி


கொழும்பு 11
20.08.2006

அன்புள்ள பூரணிக்கு,

கடிதம் போட நாளாயிருச்சு. வேலை அதிகம். அறுநூத்திப் பன்னெண்டும் அடிச்சு முடிய ஏழு வாரம். வால வெட்டின பிறகு எல்லாம் ஒழுங்கா வருது. இப்ப ஸ்டோர்ல பதினொரு மிஷின்லயும் மாட்டியாச்சு. தமிழ்ப் பொடியன்கள் எல்லாம் தட்டித் தட்டிப் பார்க்குறாங்க. ரெண்டு மாசமா என் கையால ஒரு பெட்டி தப்பா அடுக்கல.

மிலான் சேருக்கு ரொம்ப சந்தோசம். முதுகுல தட்டினாரு. வருசக் கடைசி வரைக்கும் கூடப் பார்க்கத் தேவையில்ல, கம்பியூட்டர் செக்‌ஷனுக்கே எடுக்கலாம்னு பேச்சு இருக்கு. பார்ப்போம்.

தீபாவளிக்கு லீவு கெடைக்குமான்னு தெரியல. பாப்பாவுக்குச் சட்டை அழகுமுத்துகிட்ட குடுத்து விடுறேன்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
24.10.2006

செல்லசாமி அவர்களுக்கு,

சட்டை வந்தது. அளவு சரி.

கொண்டாந்த அழகுமுத்து வாசல்ல நின்னு, "அண்ணி, அண்ணனுக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு ஸ்டோர்ல ஒருத்தனும் நெனக்கல. தனியா உக்காந்து என்ன சாமான் செஞ்சிருக்காரு! தம்பிக்குக் காட்ட நானே ஒரு சீடியில எடுத்துட்டு வந்திருக்கேன்"னுச்சு. நான் அதுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு, சீடிய ஒரு நாளைக்குக் கேட்டேன்.

நேத்து டவுனுக்கு நடந்து போனேன். ரயில் டேசனுக்கு எதுத்தாப்புல அலோசியஸ் அண்ணன் கம்பியூட்டரெல்லாம் போட்டு கொமினிகேஷன் கடை வச்சிருக்கார். அவர் மாட்டிக் குடுத்தார். நான் எழுதினத மொத மொத என் கண்ணால பார்த்தேன். ஒரு சொல்லு மேல தட்டினேன், அர்த்தம் வந்துச்சு. கண்ணு நெறைஞ்சுருச்சு. அப்புறம் ஆக்கியவர் யாருன்னு காட்டுற எடத்த தெறக்கச் சொன்னேன்.

அறுநூத்திப் பன்னெண்டு சொல்லும் சரியா அடிச்சிருக்கீங்க. இருபத்தி மூணாவது வரி சரி. உள்ள உக்கார வச்ச பிள்ளையார் கூட அதே எடத்துல இருப்பார், சந்தேகம் இல்ல. இருபத்தாறு தாள்லயும் ஒரே ஒரு வரிதான் நான் எழுதினபடி இல்ல.

அலோசியஸ் அண்ணன், "ஓ, நம்ம செல்லசாமியா செஞ்சது? கெட்டிக்காரன்தான்"னார். ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். சாமி கும்பிடுற வாயால சொன்ன பொய்.

நீங்க ஏன் தீபாவளிக்கு வரலன்னு இப்ப தெரியுது.

பூரணி


கொழும்பு 11
02.11.2006

பூரணி,

உன் கடிதத்துல மச்சான்னு இல்ல. அவர்களுக்குன்னு இருக்கு. ரெண்டு நாள் அதுக்கு மேல படிக்க முடியல.

நடந்தத சொல்றேன். மிலான் சேர் வந்து, "இது யாரு செஞ்சது"ன்னு கேட்டாரு. வாயத் தெறந்தேன். அதுக்குள்ள ஷிராணி மிஸ், "செல்லசாமிதான் சேர், மாசக் கணக்கா சாப்பிடாம உக்காந்து அடிக்கிறார்"னாங்க. எல்லாரும் என்னையப் பார்த்தாங்க. ஏழு வருசம் அந்த ஸ்டோர்ல என் முதுகத்தான் பார்த்திருக்காங்க, மூட்டையோட. அன்னிக்குத்தான் மொகத்தப் பார்த்தாங்க. வாய மூடிட்டேன். மூடினது மூடினதுதான். அன்னிக்கே அந்த வரிய மாத்தினேன்.

வீட்டுல இருக்குற பொம்பள செஞ்சதுன்னு சொன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். உன் பேரும் என் பேரும் வேறயான்னும் நெனச்சேன். இதெல்லாம் பிறகு தேடின சமாதானம். பயம், அவ்வளவுதான். மூட்டைக்குப் போகுற பயம்.

இப்ப இன்னொரு சிக்கல். சேர் ரெண்டாவதா ஒன்னு கேக்குறாரு. பக்கம் தெறந்ததும், கெட்டுப்போகும், ஒடையும், தீப்பிடிக்கும்னு அர்த்தம் வர்ற சொல்லுங்க தானாவே செவப்பாத் தெரியணுமாம். இந்த மாசக் கடைசிக்குள்ள செஞ்சு காட்டினா ஜனவரியில கம்பியூட்டர் செக்‌ஷன். எனக்கு எங்க தொடங்குறதுன்னே தெரியாது. உன்னைக் கேக்க எனக்கு முகம் இல்ல. ஆனாலும் கேக்குறேன்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
12.11.2006

மச்சானுக்கு,

கோவம் இன்னும் இருக்கு. அதோடயே எழுதுறேன்.

சிரிப்பாங்கன்னு நெனச்சேன்னு எழுதியிருக்கீங்க. சிரிக்கட்டுமே. மாட்டுக்கு அஞ்சு கால்னு நீங்களும்தான் சிரிச்சீங்க, அவ கீறுறத நிப்பாட்டிட்டாளா? உன் பேரு வேற என் பேரு வேறயான்னு கேட்டிருக்கீங்க. வேற இல்லேன்னா அத ஏன் மாத்தினீங்க? அப்படியே விட்டிருக்கலாமே. இதுக்குப் பதில் எழுத வேணாம். நெனச்சுப் பாருங்க.

கேட்டது செஞ்சாச்சு. அஞ்சு தாள். பக்கத்துல உள்ள ஒவ்வொரு சொல்லையும் மிஷினே எடுத்துப் பார்த்து, ஆபத்தான சொல்லா இருந்தா நெறத்த மாத்தும். ஆபத்தான சொல்லுன்னு முப்பத்தெட்டு பொறுக்கியிருக்கேன். மெய்யாச் சொன்னா, இது மொத சாமானை விடச் சுலபமா வந்துச்சு. எனக்கே ஆச்சரியம். பாஷை பழகிருச்சு போல.

உங்க இடுப்ப வச்சு நான் பேரம் பேச மாட்டேன். அதனால சொன்னாத்தான் தருவேன்னு சொல்லல. அஞ்சு தாளும் இதுலயே இருக்கு. ஆக்கியவர்ங்கிற வரியில மட்டும் நான் ஒன்னும் எழுதல. வெறுமையா விட்டாலும் சாமான் ஓடும்னு அச்சுத் தாள்ல இருக்கு. என் பேர எழுதி அனுப்பினா திருப்பியும் நீங்க அதை அழிக்க வேண்டி வரும். ஒரு தடவ அழிச்ச கை, ரெண்டாந்தரமும் அழிக்கிறத நான் பார்க்க விரும்பல. அங்க என்ன வரணும்னு நீங்களே பார்த்துக்கங்க.

இடுப்புக்குத் தைலம் அனுப்பினது தடவுறீங்களா?

பூரணி


கொழும்பு 11
05.12.2006

அன்புள்ள பூரணிக்கு,

அஞ்சு தாளையும் ரெண்டு நாள்ல அடிச்சு முடிச்சுட்டேன். அந்த வெறும் வரிக்கு முன்னால ஒன்பது நாள் உக்காந்தேன்.

பத்தாம் நாள் சேரோட அறைக்குப் போனேன். சாமான் ஓடுறதக் காட்டினேன். செவப்புச் செவப்பா வந்துச்சு. "சபாஷ்"னு எந்திரிச்சு நின்னாரு. அப்ப சொன்னேன். "சேர், இது நான் செய்யல. முந்தினதும் நான் செய்யல."

"பின்ன யாரு?"

"வீட்டுக்காரி சேர்."

"எந்த யூனிவர்சிட்டி?"

"எட்டாம் வகுப்பு சேர். தோட்டத்துப் பள்ளிக்கூடம். கையால எழுதி தபால்ல அனுப்பினா. நான் பார்த்து அடிச்சேன்."

உன் தாளெல்லாம் கொண்டு போயிருந்தேன். மேசையில பரப்பினேன். ரொம்ப நேரம் ஒவ்வொன்னாப் பார்த்தாரு. நான் பயந்த மாதிரி சிரிக்கல. "இது பெரிய வேலை. ஆனா நீ என்கிட்ட மூணு மாசமா பொய் சொல்லியிருக்க, செல்லசாமி"ன்னாரு. கம்பியூட்டர் செக்‌ஷன் இல்ல. ஸ்டோர்க் கதிரை இருக்கும், ஆனா நம்பிக்கை வருதான்னு சித்திரை வரைக்கும் பார்ப்பாராம். அது வரைக்கும் எனக்கு நெரந்தரம் இல்ல. சரி சேர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அழகுமுத்து ரெண்டு நாள் என்னைய விடல. "அண்ணே, அண்ணி எழுதி அனுப்பலேன்னா உங்களுக்கு லைட்டு சுவிட்சு போடத் தெரியுமா?"ன்னான். மூணாம் நாள் அவனே மெதுவா வந்து, "அண்ணி கொப்பியில 'கன்சைன்மெண்ட்'டு இருக்கான்னு கேட்டு எழுதுங்கண்ணே"ன்னான்.

பதினொரு மிஷின்லயும் அந்த வரிய மாத்தியாச்சு. ஷிராணி மிஸ் ஒரே தடவையில மாத்தித் தாறேன்னாங்க. வேணாம்னுட்டு ஒவ்வொரு மேசையா நானே போய் உக்காந்து அடிச்சேன். பூரணின்னு பதினொரு தரம். இத்தனை நாள் உன் பேர நான் கூப்பிட்டுத்தான் இருக்கேன், எழுதினதே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கடிதத்துல எழுதுறது கணக்கில்ல.

சேர் உனக்குத் தனியா ஒரு கடிதம் போடுறதா சொல்லி விலாசம் வாங்கியிருக்காரு. என்ன எழுதுறாருன்னு எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு வரலாமான்னு நீ சொல்லணும்.

செல்லசாமி


உ
மேமலை டிவிசன், தலவாக்கலை
21.12.2006

அன்புள்ள மச்சானுக்கு,

பொங்கலுக்கு வாங்க. இதைக் கேக்கவும் வேணுமா? வர்றப்ப பாப்பாவுக்கு வெறுந்தாள் கொண்டாங்க. ரெண்டு பக்கமும் வெறுசா இருந்தா நல்லது, இல்லேன்னா நான் பிடுங்கிக்குவேன்னு அவளுக்குப் பயம்.

செக்‌ஷன் போனது போகட்டும். தெரியாத வேலையில உக்காந்தா ஒவ்வொரு நாளும் நெஞ்சு திக்கு திக்குன்னு இருக்கும். தெரிஞ்ச கதிரையில சித்திரை வரைக்கும் இருங்க. நீங்க இப்ப பெட்டி தப்பா அடுக்குறதில்ல, அது உங்க வேலைதானே, என் வேலை இல்லையே. சேர் அதைப் பார்ப்பார். நான் முருகனுக்கு நேர்ந்திருக்கேன்.

மிலான் சேர் கடிதம் வந்து சேர்ந்தது. டைப் அடிச்ச இங்கிலீசுக் கடிதம். ஏழு சொல்லுக்குத்தான் கொப்பியத் தேடினேன். இன்னும் ரெண்டு சாமான் செஞ்சு தர முடியுமான்னு மரியாதையாக் கேட்டிருக்கார். நானே பதில் எழுதி வேற உறையில அனுப்பியிருக்கேன். அதுல என்ன எழுதினேன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அது எனக்கும் அவருக்கும் உள்ள வேலைப் பேச்சு.

ஆனா அந்தக் கடிதம் என் கைக்கு வந்த கதைய சொல்லியே ஆகணும். உங்களுக்குத் தெரியும், தோட்டத்துல தபால் வந்தா காலையில பெரட்டுல ஆளுக்கு வேலை பிரிச்ச பிறகு பேரு கூப்பிட்டுக் குடுப்பாங்க. நம்ம கடிதமெல்லாம் 'செல்லசாமி வீடு'ன்னு வரும், அம்மாக்கண்ணு அக்கா வாங்கிட்டு வந்து தரும். போன வாரம் திங்கக்கெழமை கங்காணி, "பூரணி! பூரணி!"ன்னு மூணு தரம் கூப்பிட்டாராம். அவ்வளவு பேர்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரு தெரியல. அம்மாக்கண்ணு அக்காதான், "அப்படி யாரும் நம்ம டிவிசன்ல இல்லீங்கய்யா, கீழ்க்கணக்கு டிவிசன்ல கேட்டுப் பாருங்க"ன்னு சொல்லியிருக்கு! ஒன்பது வருசமா அடுத்த காம்பரா. நான் அதுக்குப் பாப்பாம்மா.

வியாழக்கெழமை உப்பு வாங்க வந்தப்ப, "யாரோ பூரணியாம், கொழும்புல இருந்து டைப் அடிச்ச கடிதமாம், கேக்க ஆளில்லாம ஆபீசுலயே கெடக்குது, நாளைக்குத் திருப்பி அனுப்புறாங்களாம், பாவம்"னு அதே அக்கா என்கிட்ட கதை சொல்லுது. நான் உப்புப் போத்தல அப்படியே அது கையில குடுத்துட்டு, அடையாள அட்டைய எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு ஓடினேன். ஏத்தத்துல ஒரு எடத்துலயும் நிக்கல.

கிளாக்கர் ஐயா கண்ணாடிய எறக்கிட்டு அட்டையப் பார்த்தார், என்னையப் பார்த்தார், உறையப் பார்த்தார். "யாரு பூரணி?"ன்னார்.

"நான்தாங்கய்யா"ன்னேன்.

"நீ செல்லசாமி சம்சாரம்தானே?"

அதுவும் நான்தான்னேன்.

பூரணி